ரிப்பேர் செய்த கார் மறுபடி மக்கர் செய்தால்: ஒர்க்‌ஷாப்பிடம் எதைக் கேட்கலாம், எதை நிரூபிக்க வேண்டும்

ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்த கார் மூன்றாம் நாளே பழைய கோளாறைக் காட்டுகிறது. அல்லது விடும்போது இல்லாத ஒரு சத்தம் புதிதாகக் கேட்கிறது. "இவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார் கார்காரர். "நாங்கள் தொட்ட இடமே வேறு" என்கிறது ஒர்க்‌ஷாப். இரண்டு பேருமே மனதறிந்து பொய் சொல்லாமல் இருக்கலாம் என்பதுதான் இந்தத் தகராறின் சிக்கல். கடைசியில் இதைத் தீர்த்துவைப்பது காரில் மிச்சமிருக்கும் தடயங்கள். அவற்றில் பாதி, பழுது தெரிந்த முதல் நாளிலேயே, பெரும்பாலும் கார்காரர் கையாலேயே அழிந்துவிடுகின்றன.

'பழுது' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு பிழைகள்

சண்டை தொடங்கும் முன் நடந்தது எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வகை மாறினால் கேட்க வேண்டியதும் மாறும்.

1. கைவேலைப் பிழை. சரியான பாகம், தேவையான வேலை, ஆனால் மாட்டிய விதம் தவறு. போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்காதது, பழைய வாஷரையே திரும்பப் போட்டது, பிரேக் லைனில் காற்றை முழுக்க எடுக்காமல் விட்டது, சென்சார் கனெக்டரைப் பூட்டு விழும்வரை அழுத்தாதது எல்லாம் இதில் சேரும். ஒர்க்‌ஷாப்பின் பொறுப்பு மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான். கூலி வாங்காமல் திரும்பச் செய்து தர வேண்டும். அந்தப் பிழையால் கெட்டுப்போன மற்ற பாகங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

2. கண்டுபிடிப்பில் பிழை. செய்த வேலையில் குறையில்லை, ஆனால் அது தேவையே இல்லாத வேலை. உதாரணமாக, செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டால் பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். உண்மையில் இன்டேக் குழாயில் ஒரு கீறல். கணக்கில் வராத காற்று உள்ளே போவதைச் சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சேதி சொன்னவனையே மாற்றியாகிவிட்டது. இந்த வகையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாகம்தான் போயிருக்கிறது என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தீர்கள்? பல நாட்டுச் சட்டங்கள் மெக்கானிக்கிடம் எதிர்பார்ப்பது நியாயமான திறமையும் கவனமும். சோதித்துப் பார்த்தும் தவறியவருக்கு அந்த அளவுகோலில் கொஞ்சம் இடம் கிடைக்கும். சோதிக்காமல் ஊகத்தில் பாகம் மாற்றியவருக்குக் கிடைக்காது.

3. பாகத்தில் பிழை. புது ஆல்டர்னேட்டர் இரண்டே வாரத்தில் சாவதுண்டு. பாகம் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி பொதுவாகப் பாகத்தை மட்டுமே மாற்றித் தரும். கழற்றி மாட்டும் கூலி அதில் வராது. பாகத்தை ஒர்க்‌ஷாப்பே வாங்கிப் போட்டிருந்தால் கூலியையும் சேர்த்துக் கேட்க இடம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று நீங்களே வெளியில் வாங்கிக் கொடுத்த பாகம் என்றால், கூலி போனது போனதுதான்.

4. சம்பந்தமில்லாத புதுப் பழுது. பின்பக்க பிரேக் பேட் மாற்றிய மறுநாள் வாட்டர் பம்ப் கசிந்தால் அதற்கு ஒர்க்‌ஷாப் என்ன செய்யும்? ஒன்றுக்குப் பின் வந்தது என்பதாலேயே அதனால் வந்தது ஆகிவிடாது. ஆனால் இதை உறுதியாகச் சொல்வதற்கு முன், அந்த வேலைக்காக வழியில் எதையெல்லாம் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்காக டிரைவ் ஷாஃப்ட், கியர் கேபிள், பல கார்களில் பேட்டரி தட்டு, சிலவற்றில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேம் வரை கழற்றப்படும். அதன் பிறகு முன்சக்கரப் பக்கம் சத்தம் வந்தால் "நாங்கள் தொடவில்லை" என்ற பதில் நிற்காது.

இவற்றோடு சேராத ஒன்றும் உண்டு. "கிளட்ச் செட்டோடு ஃப்ளைவீலும் மாற்ற வேண்டும்" என்று ஒர்க்‌ஷாப் சொல்லி, செலவு பார்த்து நீங்கள் மறுத்திருந்தால், பிறகு வரும் உதறல் உங்கள் கணக்கு. அவர்கள் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் வாய்ப்பேச்சுக்கு எதிராக வாய்ப்பேச்சு.

ஓட்டலாமா?

தடயம், கடிதம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை முடிவு செய்ய வேண்டும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்:

1. சிவப்பு ஆயில் விளக்கு. இது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்ற எச்சரிக்கை. உடனே என்ஜினை அணைக்க வேண்டும். சில நிமிட ஓட்டமே கிராங்க் பேரிங்குகளைத் தின்றுவிடும்.
2. வெப்பமானி சிவப்பைத் தொடுவது.
3. பிரேக் பெடல் பஞ்சு போல் அமுங்குவது, அல்லது மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்குவது.
4. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு, வேகத்தோடு சேர்ந்து மாறும் 'டக் டக்' சத்தம். வீல் நட்டு தளர்ந்திருக்கலாம்.
5. பெட்ரோல் அல்லது டீசல் வாடை.
6. செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது. தொடர்ந்து எரிவதை விட இது மோசம். என்ஜின் கடுமையாக மிஸ்ஸிங் அடிக்கிறது. எரியாத எரிபொருள் கேடலிடிக் கன்வர்டரில் போய் எரிந்து அதையும் பாழாக்கும்.

பாதுகாப்பைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. எச்சரிக்கை தெரிந்த பிறகும் ஓட்டியதால் கூடிய சேதம் ஓட்டியவர் தலையில்தான் விழும். ஆயில் ஃபில்டரைச் சரியாக மாட்டாதது ஒர்க்‌ஷாப்பின் தவறு. ஆனால் விளக்கு எரிந்த பிறகும் இருபது கி.மீ. ஓட்டி என்ஜினைச் சிக்கவைத்தால், அந்த என்ஜினுக்கான பணத்தை முழுதாகக் கேட்பது கஷ்டம். இழுவை வண்டியின் ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

முதல் நாளில் காப்பாற்ற வேண்டியவை

கோளாறு தெரிந்த உடனே செல்போனில் வீடியோ எடுங்கள். ஓடோமீட்டர் எண், எரியும் விளக்குகள், சத்தம் மூன்றும் ஒரே காட்சியில், வெட்டு இல்லாமல் வர வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் கோளாறு என்றால் அதைப் பதிவு செய்ய ஒரு நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும்; தவறவிட்டால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். கசிவு என்றால் சுத்தமான அட்டையை இரவு முழுக்க அடியில் விரித்துவையுங்கள். கறையின் இடமும் நிறமும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தத் திரவம் வருகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ஸ்கேன். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'ஓபிடி' சாக்கெட்டில், அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிப்பதற்கான சாக்கெட்டில், செருகும் சிறிய புளூடூத் கருவியே போதும். ஆனால் கோடு (பி0171 போன்ற பழுதுக் குறியீடு) எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்திவிடக் கூடாது. கூடவே இருக்கும் மூன்று விஷயங்களுக்கு மதிப்பு அதிகம்.

முதலாவது, ஃப்ரீஸ் ஃப்ரேம். கோடு விழுந்த அந்த நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, கார் என்ன வேகம், கூலன்ட் எவ்வளவு சூடு, லோடு எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் படம்பிடித்து வைத்திருக்கும். "எங்களிடம் வந்தபோது கோளாறே காட்டவில்லை" என்ற வாதத்துக்கு இது நேரடிப் பதில். கூலன்ட் சூடு மிகக் குறைவாக இருந்தபோது விழுந்த கோடு என்றால், சூடான வண்டியில் டெஸ்ட் டிரைவ் போய்ப் பார்த்ததில் அது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். பெரும்பாலான கார்கள் இதைக் காட்டும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பின் 140 கி.மீ. ஓடியிருக்கிறது, கருவியும் அதே அளவு தூரத்தைக் காட்டுகிறது என்றால், வண்டியை ஒப்படைக்கும் நேரத்தில் கோடு அழிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, ரெடினெஸ் மானிட்டர்கள், அதாவது காரின் எந்தெந்தச் சுயசோதனைகள் முடிந்துவிட்டன என்று காட்டும் பட்டியல். கோடு அழித்ததும் கார் தன் சுயசோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். கேடலிடிக் கன்வர்டர், பெட்ரோல் ஆவிக் கசிவு போன்ற சோதனைகள் முடியப் பல நாள் ஓட்டம் பிடிக்கலாம். பல கோளாறுகளில், தொடர்ந்து இரண்டு ஓட்டச் சுற்றுகளில் (ஸ்டார்ட் செய்து ஓட்டி அணைப்பது ஒரு சுற்று) தவறு தென்பட்டால்தான் விளக்கு எரியும். "ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, மூணாம் நாள் விளக்கு வந்துடுச்சு" என்ற புகாரின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். வண்டி இரண்டு நாள் சரியாக இருந்து பிறகு கெடவில்லை. சரியாகவே ஆகவில்லை, விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

ஆகவே நீங்களே கோடை அழித்துப் பார்ப்பதும் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதும் கூடாது. இரண்டுமே மேலே சொன்ன பதிவுகளைத் துடைத்துவிடும்.

எந்த வேலையில் எது தவறும்

பிரேக். பேட் மாற்றியதும் பெடல் மென்மையாக இருந்தால் லைனில் காற்று. ஒரே கேலிப்பரில் (பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் புதிதாகவே இருந்தால், கேலிப்பர் நகரும் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் போடவில்லை அல்லது பிஸ்டன் இறுகியிருக்கிறது. இவை எளிதில் பிடிபடும். பிடிபடாதது, வேலை முடிந்து சில ஆயிரம் கி.மீ. கழித்து வரும் உதறல். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். "இவ்வளவு ஓடிய பிறகு வந்தால் நாங்கள் என்ன செய்ய" என்பார்கள். காரணம் பெரும்பாலும் மாட்டிய அன்றே விதைக்கப்பட்டிருக்கும். ஹப் முகத்தில், அதாவது டிஸ்க் உட்காரும் பரப்பில், இருந்த துருவைத் தேய்க்காமல் புது டிஸ்க்கை வைத்தாலோ, வீல் நட்டுகளை ஏர் கன்னால் ஏற்ற இறக்கமாக இறுக்கினாலோ, டிஸ்க் இம்மி அளவு கோணலாகச் சுழலும். பல கார்களில் அனுமதி 0.1 மி.மீ.க்கும் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை உரச, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த வேறுபாடு நூறில் ஓரிரு பங்கு மி.மீ. வந்தாலே கை உணர்ந்துவிடும். கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்து அளந்து, ஹப் முகத்தைப் படம் எடுத்தால், தாமதமாக வந்த கோளாறும் கைவேலைப் பிழைதான் என்று காட்ட முடியும்.

வீல் நட்டுக்கான இறுக்கம் சாதாரணக் கார்களில் பெரும்பாலும் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரம்பில் வரும். சரியான எண் உரிமையாளர் கையேட்டில் இருக்கும். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கி.மீ.க்குள் ஒருமுறை டார்க் ரெஞ்சு வைத்துப் பார்க்கச் சொல்வது நல்ல ஒர்க்‌ஷாப்பின் அடையாளம்.

ஆயில் மாற்றுதல். எளிய வேலைதானே என்று கற்றுக்குட்டியிடம் விடப்படுவதால் இதில்தான் பெரிய சேதங்கள் நடக்கின்றன. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் கசியாது. அழுத்தம் ஏறியதும் ஒரு வளையம் பிதுங்கி, நிமிடங்களில் ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். ஆயிலை வடிக்கத் திறக்கும் சம்ப் போல்ட்டை அதிகம் முறுக்கி மரை போயிருந்தால் கசிவு மெல்ல வரும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் கெடுதல்தான்: கிராங்க் அடித்து நுரை கிளம்பும், நுரை உராய்வைத் தடுக்காது, சீல்கள் கசியத் தொடங்கும். டிப்ஸ்டிக்கில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் இடைவெளி. அதனால் வண்டி எடுக்கும்போதே சமதளத்தில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

டைமிங் பெல்ட். கிராங்க்கையும் வால்வுகளை இயக்கும் கேமையும் ஒத்துச் சுழலவைக்கும் பெல்ட் இது. ஒரு பல் தள்ளி மாட்டினாலே பிக்கப் குறையும், ஐட்லிங் நடுங்கும், கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 போன்ற கோடு விழலாம். பெல்ட் மாற்றிய சில மாதங்களில் அறுந்தால், அறுந்த பெல்ட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இறுகியதா, அதற்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி உடைந்ததா, பெல்ட் ஆயிலில் நனைந்ததா, பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப் சிக்கியதா என்பதைப் பொறுத்தே பொறுப்பு அமையும். பில்லில் பெல்ட் மட்டும் இருந்து டென்ஷனர், ஐட்லர் இல்லையென்றால் 'ஏன் மாற்றவில்லை' என்பது முக்கியக் கேள்வி. பிஸ்டனும் வால்வும் மோதும் வகை என்ஜினில் இந்தத் தகராறு ஒரு பெல்ட்டோடு முடியாது. ஹெட்டையே திறக்க வேண்டிவரும்.

ஹெட் கேஸ்கெட். என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு இது. மாற்றிய பிறகும் சூடாகிறது என்ற புகார்தான் அதிகம். முதலில் எளிய காரணம்: கூலன்ட் ஊற்றியபோது ஏர் லாக். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வரும், வெப்பமானி ஏறி இறங்கும். காற்றை எடுத்தால் சரியாகிவிடும். அதில் தீரவில்லை என்றால் மூன்று கேள்விகள். ஹெட்டின் தட்டைத்தன்மையை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து அளந்தார்களா, அளவு எவ்வளவு? ஒருமுறை மட்டும் பயன்படுத்தவேண்டிய இழுவிசை போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டார்களா? கேஸ்கெட் முதலில் ஏன் போனது என்று பார்த்தார்களா? அடைத்த ரேடியேட்டரையோ ஓடாத மின்விசிறியையோ அப்படியே விட்டுவிட்டுக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் இரண்டாவது கேஸ்கெட்டும் அதே வழியில் போகும். என்ஜினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று பார்க்க ஒரு திரவச் சோதனை இருக்கிறது: திரவம் உள்ள கருவியைக் கூலன்ட் தொட்டியின் திறப்பில் வைத்து உள்ளிருக்கும் ஆவியைப் பம்ப்பால் இழுத்தால், கசிவு இருக்கும்போது நீலத் திரவம் மஞ்சளாக மாறும். எதையும் பிரிக்காமல் செய்யலாம், வீடியோவும் எடுக்கலாம். சாட்சிக்கு இதைவிட வசதியான சோதனை வேறில்லை.

டீசல் இன்ஜெக்டர். அடியில் போடும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடாவிட்டால் 'சுஃப் சுஃப்' என்று கசிந்து சுற்றிலும் தார் போன்ற கரி படியும். பல நவீன என்ஜின்களில் புது இன்ஜெக்டரின் உடம்பில் பொறித்த திருத்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் பாகம் புதிதாக இருந்தும் ஐட்லிங் முரடாக இருக்கும். இன்ஜெக்டரில் உள்ள எண்ணையும் கம்ப்யூட்டரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டால் விஷயம் முடிந்தது.

கலவைக் கோடுகள். முன்பு சொன்ன பி0171 வகைத் தகராறில் ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்பதை அது காட்டும். ஐட்லிங்கில் மிக அதிகமாக இருந்து, ஆர்பிஎம் ஏற்றியதும் இயல்புக்கு இறங்கினால் வேக்யூம் கசிவு, அதாவது இன்டேக் பக்கம் கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து லோடு கூடும்போது ஏறினால் எரிபொருள் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அழுத்தம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமலே சென்சார் மாற்றியிருந்தால் 'சோதனை செய்தோம்' என்ற வாதம் பலவீனமாகிவிடும்.

காகிதத்தில் இருக்கவேண்டிய வாக்கியம்

ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) "பிரேக் செக்", "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் அதை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. வாடிக்கையாளர் சொன்ன அறிகுறி முழு வாக்கியமாக இருக்க வேண்டும்: "60 கி.மீ. வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. சூடான பின் அதிகம்." அறிகுறியை எழுதுங்கள், மருந்தை எழுதாதீர்கள். "டிஸ்க் மாற்றவும்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், டிஸ்க் மாற்றியதோடு அவர்கள் கடமை முடிந்தது. உதறல் நின்றதா என்பது உங்கள் பாடு.

பில்லில் பாக எண், தயாரிப்பாளர், புதியதா சீரமைத்ததா பழையதா என்ற விவரம், கூலி தனியாக, உள்ளே வந்த மற்றும் வெளியே போன ஓடோமீட்டர் எண்கள், பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனி வாரண்டி இவ்வளவும் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பிடம் போகும்போது

பெரும்பாலான தகராறுகள் முதல் சந்திப்பிலேயே தீரக்கூடியவை. ஒழுங்கான ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வரும் வண்டி ஒரு தலைவலி. அதைச் சீக்கிரம் முடிக்கத்தான் பார்க்கும். குற்றம் சாட்டும் தொனியில் தொடங்கினால் அவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள்.

1. நீங்கள் ஓட்ட, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோளாறை நேரில் காட்டுங்கள். சர்வீஸ் அட்வைசரிடம் சொல்லி, அவர் எழுதி, மெக்கானிக் படிக்கும் சங்கிலியில் பாதி விவரம் உதிர்ந்துவிடும்.

2. எப்போது வருகிறது என்ற குறிப்பைக் கொடுங்கள்: குளிர்ந்த என்ஜினா சூடானதா, என்ன வேகம், எந்த கியர், எந்தப் பக்கம் திருப்பும்போது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'கடக் கடக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். நேராகப் போகும்போது வரும் ஊளைச் சத்தம் லேசாக வளைத்தால் கூடவோ குறையவோ செய்தால் வீல் பேரிங். இந்த ஒரு வரி அவர்களின் அரை நாளை மிச்சப்படுத்தும்.

3. "ஓட ஓட செட்டாகிவிடும்" என்ற பதிலுக்கு, எத்தனை கி.மீ.க்குள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புது பேட் டிஸ்க்கோடு படிய சில நூறு கி.மீ. ஆகும் என்பது உண்மை. ஆயில் கசிவு ஓட ஓட செட்டாகாது.

4. இலவசமாகத் திரும்பச் செய்தாலும் புது ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். கூலி பூஜ்யம் என்று பில் வரட்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "சும்மா பார்த்துக் கொடுத்துட்டோம் சார்" என்று மூன்று முறை பார்த்துக் கொடுத்த வண்டிக்கு, காகிதத்தில் ஒருமுறைகூட வந்ததற்கான தடம் இருக்காது. அதற்குள் வாரண்டி நாளும் முடிந்திருக்கும்.

எழுத்தில் கொடுக்கும் புகார்

நேரில் பேசித் தீராவிட்டால், அல்லது இரண்டாம் முறையும் அதே கோளாறு என்றால், மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்ப வேண்டும். உணர்ச்சி வேண்டாம். மாதிரி:

"மேலாளர் அவர்களுக்கு, மேற்கண்ட பதிவு எண்ணுள்ள காரில் 64,210 கி.மீ.யில் தாங்கள் ஹெட் கேஸ்கெட் மாற்றினீர்கள் (பில் நகல் இணைப்பு). 64,390 கி.மீ.யில் வெப்பமானி மீண்டும் சிவப்பைத் தொட்டது. அன்றே வண்டியை நிறுத்திவிட்டேன், அதன்பின் ஓட்டவில்லை. வீடியோவும் ஸ்கேன் பதிவும் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் வண்டியைப் பரிசோதித்து, காரணத்தையும் செய்யவிருக்கும் வேலையையும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். பதில் இல்லையெனில் வேறொரு நிபுணரைக் கொண்டு பரிசோதிக்க உள்ளேன். அந்த நாளைத் தங்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பேன். தங்கள் பிரதிநிதியும் உடனிருக்கலாம்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் சும்மா மரியாதைக்காகச் சேர்த்தவை அல்ல. அவற்றின் வேலை அடுத்த கட்டத்தில் தெரியும்.

இரண்டாவது மெக்கானிக் எனும் கண்ணிவெடி

கோபத்தில் வண்டியை வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, அவர்கள் பிரித்துச் சரிசெய்தும்விட்டால் கார் ஓடும். வழக்கு அங்கேயே படுத்துவிடும். "நாங்கள் மாட்டியது சரி, அவர்கள் கழற்றும்போது உடைத்துவிட்டார்கள்" என்று முதல் ஒர்க்‌ஷாப் சொன்னால் மறுக்க வழியில்லை. சரிசெய்ய அவர்களுக்கு நியாயமான வாய்ப்பு கொடுத்தீர்களா என்பதும் பின்னால் கேட்கப்படும். உயிருக்கு ஆபத்தான பிரேக் வேலை, ஏமாற்றியது அப்பட்டமாகத் தெரிவது போன்ற நிலைகளில் திரும்பவும் அவர்களிடமே விட வேண்டிய கட்டாயம் இல்லை. அப்போதும் தகவல் கொடுத்துவிட்டுப் பிரிப்பதே பாதுகாப்பு.

பரிசோதனையும் பழுது நீக்கமும் தனித்தனியாக நடக்க வேண்டும். முடிந்தால் அந்த வேலையைச் செய்து காசு பார்க்கப் போகாத ஒருவர், உதாரணமாக வாகனச் சர்வேயர் அல்லது ஆட்டோமொபைல் பொறியாளர், அறிக்கை தரட்டும். அறிக்கையில் நாள், ஓடோமீட்டர் எண், பார்த்த முறை, அளந்த அளவு, தயாரிப்பாளர் சொல்லும் அளவு, ஒவ்வொரு பாகத்தையும் பிரிக்கும் முன்னும் பின்னும் எடுத்த படம், காரணம் பற்றிய முடிவு ஆகியவை இருக்க வேண்டும். "மோசமான வேலை" என்ற வர்ணனைக்கு எடை இல்லை. "டிஸ்க் கோணல் 0.18 மி.மீ.; அனுமதி 0.05; ஹப் முகத்தில் துரு அகற்றப்படவில்லை" என்பதற்கு எடை உண்டு. கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்

கேட்கக்கூடியவை: பிழையைச் சரிசெய்யும் செலவு, அதனால் கெட்ட மற்ற பாகங்கள், இழுவைக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், ரசீதோடு காட்டக்கூடிய மாற்றுப் போக்குவரத்துச் செலவு. தேவையில்லாமல் மாற்றிய பாகம் என்றால் அதன் விலையும் கூலியும்.

குறையக்கூடியது ஒன்று. 1,20,000 கி.மீ. ஓடிய என்ஜின் ஒர்க்‌ஷாப் தவறால் போய், புது என்ஜின் போட நேர்ந்தால் முழு விலையும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பழையதுக்குப் புதியது வந்ததால் கிடைத்த லாபத்தைக் கழிப்பது பரவலான நடைமுறை. அதே அளவு ஓடிய நல்ல என்ஜினோ சீரமைத்த என்ஜினோ கேட்பது வாதத்தை எளிதாக்கும்.

வண்டியைப் பிடித்து வைத்தால்

பில் கட்டும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமை பல நாடுகளில் ஒர்க்‌ஷாப்புக்கு உண்டு. மாற்றுச் சாவியோடு போய் எடுத்து வந்தால் நீங்களே தவறு செய்தவர் ஆகிவிடலாம். வண்டி அவசியம் என்றால், பணத்தைக் கட்டி, பில்லின் இரு பிரதிகளிலும் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது, வேலையின் தரத்தை ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு எடுத்து வாருங்கள். கார்டில் கட்டினால், கிடைக்காத அல்லது குறையான சேவைக்கு வங்கி வழியாக ஆட்சேபிக்கும் வழி கூடுதலாகக் கிடைக்கும். அதற்குக் கால வரம்பு உண்டு, உடனே பார்க்க வேண்டும். எஸ்டிமேட்டில் இல்லாத, உங்களைக் கேட்காமல் செய்த வேலையைத் தனியாகப் பிரித்து ஆட்சேபியுங்கள். மொத்த பில்லையும் மறுப்பதை விட இது நிற்கும்.

நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்றால் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அதே கடிதத்தின் நகல் போகட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் அமைப்பு, சமரசம், சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம் என்று அந்தந்த நாட்டில் உள்ள படிகள். எங்கே போனாலும் கேட்பது மேலே சொன்ன அதே காகிதங்களைத்தான்.

சமரசம் பேசி ஒர்க்‌ஷாப் பாதிப் பணம் தர ஒப்புக்கொண்டால், கையெழுத்துக்கு நீட்டும் தாளைப் படித்துப் பாருங்கள். "இந்த வாகனம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால், நாளை அதே ஹெட் மறுபடி கசிந்தாலும் கதவு அடைபட்டது. "இந்தத் தேதியிட்ட பில்லில் உள்ள இன்ன வேலைக்கு மட்டும்" என்று திருத்தி, திரும்பச் செய்த வேலைக்கு இத்தனை மாதம் அல்லது இத்தனை கி.மீ. வாரண்டி என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பைக்குள் இருக்கும் பழைய பாகங்களை அந்த வாரண்டி முடியும்வரை எறிய வேண்டாம்.